பூமிக்கு நெற்றி எந்தப் பக்கம்

மழை பிடித்தபோது நான் நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக்கு உரம் போடும் வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. வேலை வாங்கும் மண்டோர் நல்ல மனிதர். ஆட்கள் சேர்ந்து தங்கும் கோங்சியில் எனக்குக் கிடைத்த படுக்கை மட்டும் ஒழுகும் கூரைக்கு நேர் கீழே இருந்தது. அதையும் நான் குறையாக நினைக்கவில்லை. காலடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு தூங்கினேன். மூன்று மாதம் ஒரே இடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான்.

செர்காமில் ஒரு மீன்பிடிப் படகுக்கு ஆள் தேவை, திங்கட்கிழமை விடியும்போது துறையில் நின்றால் போதும் என்று ஒரு லாரிக்காரர் சொல்லியிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பஸ் வரும் என்றார்கள். வரவில்லை. நடந்தேன்.

குடை கிடையாது. உரச் சாக்கு இருந்தது. காலிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் உச்சியிலிருந்து இடுப்பு வரை நனையாது. தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் இது தெரியும். என் முதுகில் கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், ஜோர்டான் நாட்டுச் சரக்கு என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் அகாபா. இப்படியே உலகத்தை முதுகில் சுமந்துதான் எனக்குப் பழக்கம். பொட்டாஷ் கனடாவிலிருந்து வரும். கீசரைட் உரம் ஜெர்மனியிலிருந்து. கையில் கீறல் இருந்தால் உயிர் போகிற மாதிரி எரியும் போரேட் துருக்கியிலிருந்து. இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்குப் புவியியல் புத்தகம் என்று இருந்தது சாக்குகள்தான்.

அடுத்த தோட்டத்து முகப்பில் ஒரு கோயிலும் அதை ஒட்டி ஒரு மண்டபமும் இருந்தன. மழைக்கு ஒதுங்கினேன்.

மண்டபக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாணவர்களுக்கான வாராந்திர உலகப் புவியியல் புதிர்ப் போட்டி, ஞாயிறு காலை. உள்ளே ஒரு மேசை, அதன் மேல் பூமி உருண்டை. மேசைக்கு ஒரு பக்கம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மூவர். மறு பக்கம் மூன்று நாற்காலிகள், மூன்றும் காலி. தலையில் ஒரு கறுப்பு முடிகூட இல்லாத அம்மையார் ஒருவர் கையில் வினாச் சீட்டுகளோடு நின்றார். வாசலிலோ ஒலிபெருக்கி, மைக் பெட்டி, வயர்ச் சுருள் சகிதம் ஐந்தாறு பெரியவர்கள். அவர்களுக்கு முன்னால், பாத்தேக் சட்டை போட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கோயில் தலைவர் என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது.

அம்மையார் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் திரும்பிச் சாக்கை உதறியபோது முதுகையும் படித்துவிட்டார்.

"ஆரது, ஜோர்டானில இருந்தோ வாறீர்?" யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"இல்லம்மா, செலண்டார்லேர்ந்து."

பிள்ளைகள் சிரித்தார்கள். நடுவில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஆறாம் ஆண்டு படிப்பவள், அணித் தலைவி. அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

விஷயம் என்னவென்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியிடம் கேட்டேன். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே மகளுக்குத் துணையாக வந்திருந்தார். அணித் தலைவியின் அம்மா அவர்.

"அந்தம்மா மலாக்கா டவுன்லேர்ந்து வாரா வாரம் சொந்தக் காடியில வராங்க. முன்ன போஸ்ட் ஆபீஸ்ல வெளிநாட்டுக் கடுதாசி பிரிச்சவங்க. புள்ளைங்க ஸ்டாம்பு டீச்சர்னுதான் கூப்புடும். பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்க வேன்ல வரும், ரெண்டு அணியா போட்டி நடக்கும். வேன் ஓட்டுறவரு பேக்டரி வேலைக்குப் போயிட்டாரு. போன வாரம் யாரும் வரல. இந்த வாரமும் பதினோரு மணிக்குள்ள ரெண்டு அணி உக்காரலன்னா இனிமே ஞாயித்துக்கெழம மண்டபம் காராவோக்கேக்குத்தானாம். தலைவரு சொல்லிட்டாரு."

"தலைவருக்குப் பாட்டுன்னா உயிரோ?"

"அவரு பாட்டுன்னா அவருக்கு உயிரு," என்றார் அந்த அம்மா.

தலைவர் கனைத்தார். "டீச்சர், நான் ஒண்ணும் படிப்புக்கு எதிரி இல்ல. ஆனா எதிர் அணியே இல்லாம என்னா போட்டி லா? நாற்காலிகூடவா போட்டி போடுவீங்க?"

அம்மையார் திரும்பினார். என்னைப் பார்த்தார். பார்வை ஒரு மாதிரியாக இருந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பையில் போடலாம் என்று யோசிப்பவர் பார்வை.

"தம்பி, நீர் பள்ளிக்கூடம் முடிச்சனீரோ?"

"இல்லம்மா. ரெண்டாம் படிவம். அதுலயும் பாதி."

"அப்ப நீர் இன்னும் மாணவர்தான். இரும் அதில."

"டீச்சர்!" என்றார் தலைவர்.

"கதவில என்ன எழுதியிருக்கு? மாணவர்களுக்கு எண்டு. வயது எழுதேல்ல. படிப்பை முடிக்காத ஆள் மாணவர். இவர் லீவு கொஞ்சம் கூட எடுத்திட்டார், அவ்வளவுதான்."

எனக்கு நாற்பத்தொரு வயது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட அழைப்பை மறுத்து எனக்குப் பழக்கமில்லை. என் வேலைகளில் பாதி இப்படிக் கிடைத்தவைதான்.

அம்மையார் அடுத்து ரப்பர் பூட்ஸ் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர்?"

"ஆறாம் ஆண்டோட நிறுத்திட்டாங்க டீச்சர்."

"வாரும்."

"ஐயோ, எதிர்ல எம் மக உக்காந்திருக்கா."

"அம்மா, போய் உக்காரு லா!" என்றாள் மகள். "தோத்தா அழக்கூடாது, அவ்ளோதான்."

இரண்டு நாற்காலி நிரம்பிவிட்டது. மூன்றாவது காலி. ஓர் அணிக்கு மூன்று பேர் என்பது விதி. பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருந்தது. காராவோக்கேக் குழுவில் எல்லோரும் திடீரென்று வயரைச் சுருட்டுவதில் மும்முரமானார்கள். தலைவர் முகத்தில் வெற்றிக் களை வந்துவிட்டது.

"சரி," என்றார் அம்மையார், "ஆள் வரும்வரைக்கும் ஒரு ஒத்திகை வினா. பாலித் தீவுக்குக் கிழக்குப் பக்கமா, அடுத்து இருக்கிற பெரிய தீவு என்ன?"

பிள்ளைகள் வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து குரல் வந்தது. "லோம்போக்!"

தலைவர்தான். பதினைந்து வருடம் மண்டோராக இருந்தவராம். அவருக்குக் கீழே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தீவுக்காரர்கள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சரியான விடை," என்றார் அம்மையார். "ஆனா தலைவர் சொல்லக்கூடாது. அவர் அஞ்சாம் படிவம், எஸ்பிஎம் சோதனை முடிச்ச ஆள்."

"ஆமா ஆமா," என்றார் தலைவர் அவசரமாக.

மைக் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தலைவரின் மனைவி. "யாரு, இவரா? மூணாம் படிவத்துல கணக்குப் பேப்பரப் பாத்துட்டு சுவரேறிக் குதிச்சவரு. கல்யாணப் பேச்சுல எங்கப்பாகிட்டயும் எஸ்பிஎம்னுதான் சொன்னாங்க."

மண்டபம் அதிர்ந்தது. தலைவர் மனைவியைப் பார்த்த பார்வையில் காராவோக்கே குழுவே கலைந்திருக்க வேண்டும். அம்மையார் மூன்றாவது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தார். பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தலைவர் அதில் உட்கார்ந்தார். மண்டபத்தை மூட வந்தவரே மண்டபத்தைக் காப்பாற்றும் மூன்றாவது ஆளாகிவிட்டார். அவர் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. "பஸர் எங்க?" என்று கேட்டார். பஸர் கிடையாது. மேசையைத் தட்ட வேண்டும்.

அப்போதுதான் பூமி உருண்டையைப் பக்கத்தில் பார்த்தேன். ஜெயிக்கும் அணி அதை ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்கலாம், அடுத்த ஞாயிறு கொண்டுவந்து விட வேண்டும் என்பது அங்கு வழக்கம். அணித் தலைவியின் வீட்டில் பல வாரமாக இருந்து வந்த உருண்டை அது. ஆப்பிரிக்காவுக்கும் அரேபியாவுக்கும் நடுவே காகிதம் உரிந்து, ஐம்பது காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு மொட்டை. மொட்டையைச் சுற்றி இலேசாக மஞ்சள்.

"இது என்னா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா பண்ண வேல," என்றாள் அணித் தலைவி.

"சரஸ்வதி பூசைக்குப் புஸ்தகத்தோட இதையும் வச்சேன்," என்றார் என் அணித் தோழி. "பொட்டு வைக்காம எப்படி வைக்கிறது? சந்தனம், குங்குமம் ரெண்டும் வச்சேன்."

"அதுக்கு அங்கயா வைப்பாங்க?"

"நெத்தி எதுன்னு பாத்துதான் வச்சேன். சாமி படத்துக்கு நேரா வச்சப்போ அதுதான் நெத்தி."

பூசை முடிந்து மகள் ஈரத் துணியால் தேய்த்திருக்கிறாள். போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்திருக்கிறாள். பொட்டு போனது, அதோடு அந்த ஊர்களும் போயின. பூமிக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று தாயும் மகளும் இன்னும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

போட்டி தொடங்கியது. பிள்ளைகள் சூரர்கள். கஜகஸ்தானின் தலைநகரைக் கேட்டால் கேள்வி முடியுமுன் மேசை அதிர்ந்தது. தென் அமெரிக்காவின் நீளமான மலைத்தொடர், விக்டோரியா ஏரி, எதுவும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆஸ்திரேலியாவின் தலைநகர்?"

தலைவர் மேசையை உடைத்துவிடுவது போலத் தட்டினார். "சிட்னி! எம் மச்சான் அங்கதான் இருக்கான்."

"கான்பரா," என்றாள் பெண். "மச்சான் இருக்கிற எடமெல்லாம் தலைநகர் இல்ல, அங்கிள்."

பிள்ளைகளுக்கு நான்கு புள்ளி, எங்களுக்கு ஒன்றும் இல்லை. வாசலில் தலைவரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு அம்மையார் கையிலிருந்த சீட்டுகளைக் கொஞ்சம் புரட்டினார். இதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப எங்களுக்குக் காலை பதினொரு மணி. டாக்காவில எத்தனை மணி?"

பிள்ளைகள் காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார்கள். ரப்பர் பூட்ஸ் மெதுவாகத் தட்டினார். "ஒம்போது. பக்கத்து லயன் வீட்டுல பங்களாதேசுப் பையனுங்க இருக்கானுங்க. நம்ம ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன் அடிச்சா அங்க புள்ளைங்க அஞ்சு மணி வெளையாட்டுல இருக்குமாம், போனுக்கே வராதாம்."

முதல் புள்ளி. அந்த அம்மா வெட்கத்தில் சேலைத் தலைப்பைத் தேடினார். போட்டிருந்தது டீ சட்டை.

"கடலே தொடாத ஆசிய நாடு ஒண்டு சொல்லும். ஏன் தெரியும் எண்டும் சொல்ல வேணும்."

நான் தட்டினேன். "நேப்பாளம். எங்கூட தங்கியிருந்த ஆளைப் போர்ட்டிக்சனுக்குக் கூட்டிட்டுப் போனேன். கடல்ல எறங்கி மொதல் வேலையா நக்கிப் பாத்தான். நெசமாவே உப்புத்தானான்னு கேட்டான்."

பிள்ளைகளுக்கு இது பிடித்துவிட்டது. அடுத்து ஜெர்மனியிலிருந்து செம்பனைக்கு என்ன வருகிறது என்றார் அம்மையார். எங்கள் மூவரின் கையும் சேர்ந்து விழுந்தது, கீசரைட். "டீச்சர், இது சிலபஸ்லயே இல்ல!" என்று பெண் கத்தினாள். "பூமி சிலபஸுக்கு வெளியிலயும் இருக்கு," என்றார் அம்மையார். சூரபாயா எந்தத் தீவில் என்றதற்குத் தலைவர் ஜாவா என்று சொல்லி எழுந்து நின்று கும்பிட்டார். நான்குக்கு நான்கு.

கடைசி வினா. மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும். காராவோக்கேக்காரர்கள் வயரை விட்டுவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"ஜோர்டானுக்குக் கடற்கரை உண்டோ, இல்லையோ? உண்டெண்டால் ஒரு துறைமுகம் சொல்ல வேணும்."

பெண்ணுக்கு உருண்டை மனப்பாடம். கண்ணை மூடினாள். அவள் விரல் காற்றில் எகிப்தைத் தாண்டி, கொஞ்சம் மேலே ஏறி, நின்றது. மொட்டையில் வந்து நின்றது அது. அந்த இடத்தில் அவளுக்கு ஒன்றும் இல்லை. மேசையைத் தட்டினாள். "கடற்கரை இல்ல, டீச்சர்."

அம்மையார் எங்கள் பக்கம் திரும்பினார். நான் உடனே தட்டவில்லை. கதவோரம் மாட்டியிருந்த என் சாக்கைப் பார்த்தேன். மூன்று மாதம் தோளில் ஏற்றி இறக்கிய எழுத்து. அகாபா என்றால் என்ன என்று ஒரு தரம் ஸ்டோர்க்காரரிடம் கேட்டிருக்கிறேன். கப்பலில் ஏற்றுகிற இடம் என்றார்.

பிறகு தட்டிச் சொன்னேன். "உண்டு. அகாபா."

கூச்சல். தலைவர் என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் பாத்தேக் சட்டையும் நனைந்தது. அந்தப் பெண் உருண்டையைத் தூக்கி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாத்தியா? பாத்தியாம்மா? உம் பொட்டாலதான் தோத்தேன்! அங்கதான் கடல் இருந்திருக்கு!"

"நான் பொட்டுதான் வச்சேன். நார் போட்டுத் தேச்சது யாரு?"

"அதான் ஜெயிச்சிட்டியே, சந்தோசமா?"

"கொஞ்சம்," என்றார் அந்த அம்மா. மகளின் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

உருண்டையை யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. அம்மா வீட்டுக்குப் போனால் தோற்றவள் வீட்டுக்கே போன மாதிரி. தலைவர் இரண்டு கையையும் நீட்டினார். வீட்டு ஹாலில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார். அம்மையார் அவரைத் தாண்டி உருண்டையை என் மடியில் வைத்தார். ஒரு நோட்டை விரித்தார். வாராவாரம் உருண்டையை வாங்கியவர் பெயர், முகவரி, கையெழுத்து.

"எனக்கா? நான் செர்காமுக்குப் போறேன்மா. நாளைக்குக் காலையில படகு."

"செர்காமில எந்த முகவரி?"

"படகுல."

"படகுக்குத் தபால் போகாது. எழுதும்."

பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முகவரி இடம் காலியாக இருந்தது. தலைவர் எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு டீச்சர். இந்த ஆளு உருண்டையோட ஓடிட்டா அடுத்த ஞாயிறு ஒரு நாற்காலி காலி. நான் சொல்லிட்டேன், ரெண்டு அணி இல்லன்னா மைக் செட்டு உள்ள வந்துரும். அப்ப எம் பேர்ல பழி சொல்லக்கூடாது."

அணித் தலைவி என் முன்னால் வந்து நின்றாள். "அங்கிள், ஓடிருவீங்களா?"

நான் ஓடிப் பழகியவன். நிறைய இடங்களில் சொல்லாமலே போயிருக்கிறேன், யாரும் தேடியதில்லை, எனக்கும் அது வசதியாக இருந்தது. உருண்டையைச் சுற்றிவிட்டேன். மொட்டை வந்து வந்து போனது.

"ஓடினீங்கன்னா நாங்க ஜெயிச்ச மாதிரி," என்றாள். "பயந்து ஓடிட்டாங்கன்னு போர்டுல எழுதுவோம்."

மழை விட்டதும் அம்மையார் காடியில் ஏறினார். நான் கதவைச் சாத்திக் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கினார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன்.

"அம்மா, அந்தக் கடைசி வினா சீட்டுல இருந்துச்சா?"

"இல்லை. உம்மட முதுகில இருந்தது."

"அந்தப் புள்ள பாவம் இல்லையா? அந்த எடத்துல ஒண்ணுமே இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"அவளுக்கு அடுத்த கிழமை போட்டி வேணும். போட்டிக்கு எதிர் அணி வேணும்." ஸ்டார்ட் செய்தார். "முகவரி இல்லாம வந்த தபாலை நான் ஒருநாளும் குப்பையில போட்டதில்லை. எங்கயாவது சேர்த்துப்போட்டுத்தான் வீட்டை போவன். நோட்டில இடம் விட்டிருக்கு. ஞாயிற்றுக்கிழமை எழுதும்."

போய்விட்டார்.

அன்று மண்டபத்து வராந்தாவில் படுத்துக்கொள்ளத் தலைவர் அனுமதித்தார். அவர் மனைவி நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்பினார். ஒன்று எனக்கு, ஒன்று ஜோர்டானுக்காம். சாயங்காலம் காராவோக்கே நடந்தது. தலைவர் நான்கு பாட்டுப் பாடினார். அடுத்த ஞாயிறு இந்த மண்டபத்தைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தோன்றியது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அந்தத் தோட்டத்திலேயே, ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்றேன். ஆட்கள் பேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்டோர் என்னையும் என் கக்கத்தில் இருந்த சாக்கு மூட்டையையும் பார்த்தார்.

"என்னா வேல தெரியும்?"

"உரம் போடுவேன்."

"முன்ன எங்க?"

"செலண்டார் பக்கம். நேத்து விட்டேன்."

"நேத்து விட்ட வேலையவே இன்னைக்குத் தேடி வந்திருக்கியா? சாக்குல என்னா, பூசணிக்காயா?"

பிரித்துக் காட்டினேன். அவர் உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றினார், மொட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்தார். நேற்றே செய்தி எட்டியிருக்க வேண்டும்.

"கோங்சியில எடம் இருக்கா?" என்றேன்.

"நாலாம் நம்பர். மேல கொஞ்சம் ஒழுகும்."

"பரவால்ல. வாளி இருந்தா போதும்."

உருண்டையை ஒழுகாத மூலையில், கவிழ்த்த ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன். லாரியிலிருந்து சாக்கு இறக்க வேண்டும். முதல் சாக்கைத் தோளில் ஏற்றுமுன் திருப்பிப் போட்டு எழுத்தைப் படித்தேன். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் தூக்கு என்று சத்தம் போட்டார்கள். எகிப்து. கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது, சேறு படிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தேன். நார் போட்டுத் தேய்க்கவில்லை.